பில்லையைக் கழற்றிய சதாசிவம்

செங்கல்பட்டு ஜங்ஷனில் சிவப்புச் சட்டை, புஜத்தில் ரயில்வே கொடுத்த பித்தளைப் பில்லை, தலையில் சும்மாடு என்று வருஷக்கணக்காகப் பெட்டி தூக்கின சதாசிவத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆளைத்தான் ஆகாது. சொந்தச் சகலை ராஜேந்திரன்.

அவனுக்கும் அதே பெட்டி தூக்குகிற பொழப்புதான். ஆனால் தூக்குகிற இடம் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல். வெள்ளைச் சட்டை, தங்கக் கலர் பொத்தான், தொப்பி வேறு. பெட்டியைத் தலையில் ஏற்ற மாட்டான் துரை, வண்டியில் வைத்துத் தள்ளுவான். இதெல்லாம் ஒரு வேலையா? காதுகுத்து, கல்யாணம் என்று எங்கே கூடினாலும் வெள்ளைக்காரர்களோடு நிற்கிற போட்டோவைப் பையிலிருந்து எடுத்துவிடுவான். சதாசிவத்தின் பெண்சாதி பாப்பா அதை வாங்கி வாங்கிப் பார்ப்பாள்.

"எங்கக்கா வூட்டுக்காரரு கழுத்து எவ்ளோ நேரா கீது பாரு" என்பாள். அப்புறம் சதாசிவத்துக்குப் பந்தியில் சோறு இறங்குமா? வயிறு திகுதிகுவென்று எரியும்.

ரெண்டாயிரத்துக்குப் பிறகு பிளாட்பாரத்திலும் சக்கரம் வைத்த பெட்டிகள் வந்துவிட்டன. பிரயாணிகள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இழுத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான், பில்லையைத் தம்பி கேசவன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு அதே ஓட்டலில் சேரக் கிளம்பினான்.

"நல்லா ரோசன பண்ணியா சகல? பில்ல போனா திரும்ப வராது" என்றான் ராஜேந்திரன்.

நான் தனக்குச் சமமாக வந்துவிடுவேனென்று பயம் இவனுக்கு, என்று நினைத்துக்கொண்டான் சதாசிவம். உள்ளுக்குள் குளிர்ந்தது.

முதல் நாளே மானம் போனது. வாசலில் கார் நின்றதும், பழக்கதோஷம், துண்டைச் சுருட்டிச் சும்மாடாக்கி ஒரு அம்மாவின் பெட்டியைத் தலையில் ஏற்றிவிட்டான். அவள் கேமராவை எடுத்தாள். மேனேஜர் முகம் கறுத்தது. ராஜேந்திரன்தான் ஓடிவந்து பெட்டியை இறக்கி வண்டியில் வைத்தான். அந்த உதவியைத்தான் சதாசிவத்தால் மன்னிக்கவே முடியவில்லை.

ரெண்டாயிரத்து எட்டில் வந்தது சேதி. பில்லை வைத்திருக்கிற போர்ட்டர்களை ரயில்வேயே வேலைக்கு எடுத்துக்கொள்கிறதாம். மாசச் சம்பளம். கேசவனுக்கு ஆர்டர் வந்துவிட்டது. லட்டோடு ஓட்டலுக்கே வந்து அண்ணன் காலில் விழுந்துவிட்டுப் போனான்.

சதாசிவம் பெட்டி அறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். ராஜேந்திரனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். சிரிக்கத்தான் வந்திருக்கிறான் என்று சதாசிவம் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சொன்னா நம்ப மாட்ட சகல. அந்தப் பில்லைக்கு நானும் நாயா பேயா அலைஞ்சேன், கெடைக்கல. உன் கையில அத பாக்கறப்பல்லாம் பத்திகினு எரியும். அதுக்குத்தான் போட்டோவ எட்த்து எட்த்துக் காமிப்பேன்."

சதாசிவம் அவன் பக்கம் திரும்பினான்.

"இப்ப கேசவன நெனச்சா எரியுது சகல. கூடப் பொறந்தவன்."

"எனக்குந்தான்" என்றான் ராஜேந்திரன், லட்டை உடைத்துப் பாதியை அவனிடம் நீட்டியபடி.