சீன மாப்பிள்ளையின் வீட்டார்

சென்னீர்குப்பத்தில் எங்கள் பக்கத்துப் போர்ஷனில் ஒரு பல் டாக்டர் குடியிருந்தார். சீனாக்காரர் என்பது நாங்கள் ஒட்டிய பெயர். பிறந்தது மலேயாவின் பினாங்கில், வெள்ளைக்காரன் கொடியின் கீழ். அவருடைய அப்பா ஷாங்காயில் வியாபாரம் செய்தபோது, பிரிட்டிஷ் பிரஜை என்பதால் அந்த ஊர்ப் போலீஸ் தொட முடியாதாம். வழக்கென்றாலும் வெள்ளைக்காரக் கோர்ட்தான். மகனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அறுபத்திரண்டில் சீனாவோடு நடந்த எல்லைச் சண்டைக்குப் பிறகு, இவர் யார் பிரஜை என்று கேட்டால் பிரிட்டிஷ்காரன் மலேயாவைக் கைகாட்டினான். மலேயா, எப்போதோ போனவன்தானே என்று கைகழுவியது. நம் ஆட்கள் மூஞ்சியைப் பார்த்தே சீனன் என்று முடிவு கட்டினார்கள். இதற்கு எதற்குச் சட்டம், இரண்டு கண் போதாதா?

அதிலிருந்து அனுமதி இல்லாமல் அவர் ஊரைத் தாண்டக் கூடாது. மனைவி ஆவடிக்குப் பக்கத்துப் பருத்திப்பட்டுப் பெண், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். பையன் பிறந்து ஐந்து மாதமாகியும் அவர் அவன் முகம் பார்க்கவில்லை. ஆவடிப் பக்கம் ராணுவம் இருக்கிறது, அனுமதி கிடையாது என்றுவிட்டார் இன்ஸ்பெக்டர். சொன்னவர் வாயிலிருந்த பல்செட் டாக்டர் செய்தது. மறுத்த கையோடு, கீழ்ப்பல் உறுத்துகிறது, ராவிக் கொடு என்று கழற்றி மேஜைமேல் வைத்தாராம்.

அங்கே மாமியார் வேறு பிடிவாதம். "மாப்ள ஊட்டுக்காரங்க வந்து கூப்டாம பொண்ண எப்டி அனுப்பறது? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

டாக்டருக்கு வீட்டார் என்று இங்கே ஒரு ஈ காக்கை கிடையாது. என் மனைவிதான் வெற்றிலை பாக்கு, பூ, பழம் எல்லாம் தட்டில் வைத்து என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். என்ன உறவு என்று கேட்ட மாமியாரிடம், அண்ணன் அண்ணி என்று கூசாமல் சொன்னாள். அந்தம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தட்டை வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வீடு வந்ததும் டாக்டர் குழந்தையை வாங்கி, கழுவிய விரலால் ஈறைத் தடவிப் பார்த்தார். அன்று முழுக்கக் கீழே விடவில்லை.

மறுநாள் காலையே இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"அப்பன் சீனாக்காரன்னா புள்ளையும் சீனாக்காரன்தான். ஸ்டேஷன்ல இட்டாந்து பதிவு பண்ணு."

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. "இதுக்கு இன்னும் பல்லே மொளைக்கல சார். இதப் பாத்தா பயப்பட்றீங்க?"

அவர் வாய்கொள்ளாமல் சிரித்தார். இரண்டு வரிசையும் பளபளவென்று தெரிந்தது. அந்த வாயைப் பார்க்க அருவருப்பாக இருந்தது.

டாக்டர் பையனுக்குப் புதுச்சட்டை போட்டார். அப்பாவும் பிள்ளையும் முதன்முதலாகச் சேர்ந்து வெளியே போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு.