தேர்க்கட்டையும் மகள் போட்ட பிரேக்கும்

வீராம்பட்டினத்தில் அம்மன் கோயில் ஆடித் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் நானும் ஒருவன். ஊரே வடம் பிடித்து இழுக்கும். உருண்டு வருகிற தேரை நிறுத்துவது நாங்கள் சக்கரத்தடியில் செருகும் கட்டை. இரண்டு பக்கமும் ஒரே நொடியில் விழ வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் தேர் திரும்பிவிடும். கட்டையைச் செருகிவிட்டுக் கையை இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் "தாயே" என்பேன். நிறுத்துவது அம்மன், கட்டை ஒரு சாக்குதான் என்பது என் நம்பிக்கை.

என் மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். போன வருடம் அவளும் கூடப் படிப்பவர்களும் சேர்ந்து, ஒருவர் உட்காரும் சின்னக் கார் ஒன்றைப் புதிதாக வடிவமைத்தார்கள். பிரேக் அவள் பொறுப்பு. நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்க் குழாய் போதும், எடை குறையும் என்றார்களாம் மற்றவர்கள். இவள் ஒப்பவில்லை. முன்சக்கரங்களுக்குத் தனி, பின்சக்கரங்களுக்குத் தனி என்று பிடிவாதமாக நின்றாள்.

"ஒண்ணு புட்டுக்கிச்சின்னா இன்னொண்ணு நிறுத்தணும்பா. ஓட்டப்போறது நான்தான?"

"எண்ணெ எப்பிடிம்மா சக்கரத்தப் புடிக்கும்?"

"கால்ல மிதிக்கிற அழுத்தம் எண்ணெ வழியா எல்லாச் சக்கரத்துக்கும் ஒரே நேரத்துல போயிடும்பா."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே நேரத்தில்! அதற்காகத்தானே நாங்கள் தேரின் இரண்டு பக்கமும் குனிந்து, ஒருவர் குரலுக்கு ஒருவர் காத்து நிற்கிறோம்.

சோதனை அன்று காலையில் கல்லூரி மைதானத்துக்குப் போனேன். எலுமிச்சம்பழம், சந்தனம், குங்குமம் எல்லாம் எடுத்துப் போனேன். பையில் என் கட்டையும் இருந்தது. சக்கரத்துக்குள் ஒரு இரும்புத் தட்டு பளபளவென்று தெரிந்தது. பொட்டு வைக்க வாகான இடம் என்று விரலை நீட்டினேன்.

"ஐயோ, அங்க வேணாம்பா! பிரேக்கு அதத்தான் கவ்வும். வழுக்கிச்சின்னா நான் காலாப்பட்டு ஊரத் தாண்டித்தான் போயி நிப்பேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். பொட்டை முன்பக்கக் கம்பியில் வைத்தேன்.

சக்கரத்தடியில் நான் வைத்த பழங்களை நசுக்கிக்கொண்டு கிளம்பி, ஒரு சுற்று வந்து ஒழுங்காக நிறுத்தினாள். அதோடு விடவில்லை. முன்சக்கரங்களுக்கு எண்ணெய் போகும் வழியை வேண்டுமென்றே அடைத்தார்கள். பின்பக்கம் மட்டுமே நிறுத்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். மைதானத்தின் கோடியில் ஒரு சுண்ணாம்புக் கோடு, அதைத் தாண்டாமல் நிற்க வேண்டும். அதற்கப்பால் காம்பவுண்டுச் சுவர்.

வேகமாக வந்தாள். நான் என்னை அறியாமல் கோட்டோரம் குனிந்திருந்தேன், கையில் கட்டை. டயர் கிறீச்சிட்டது. புழுதியில் ஒன்றும் தெரியவில்லை.

புழுதி அடங்கியபோது கார் நேராக, கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றிருந்தது.

"அப்பா, கட்டைய உள்ள வை. நின்னுடுச்சி."

எழுந்திருக்கத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளையின் கால் மிதி, விரல் கனம்கூட இல்லாத குழாய், அதற்குள் கொஞ்சம் எண்ணெய். "தாயே" என்றேன். கட்டை தரையில் படவே இல்லை.