பெண் வீட்டாருக்கு ஒரு சீனக் கடை

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஈப்போ ரயில் நிலையத்தில் சரக்கு ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. பெற்றோரும் கூடப் பிறந்தவர்களும் ஊரில். இங்கே எனக்கென்று இருந்ததெல்லாம் கிந்தா ஆற்றோரம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் வாடகை அறை ஒன்று, அந்த அறையில் என்னோடு தங்கியிருந்த தஞ்சாவூர்க்காரன் ஒருவன். அவன் தபால் ஆபீசில் வேலை பார்த்தான். மாடியில் அடுப்பு மூட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்ததால் எங்கள் சாப்பாடு மூன்று வேளையும் கடைகளில்தான்.

எங்கள் கிறிஸ்தவக் கோவில் உபதேசியார் எனக்கு ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பெண்ணின் தகப்பனார் சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரஸ்ஸர். தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண் கட்டுவது, காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பது, பல் பிடுங்குவது எல்லாம் அவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் என்னோடு கால் மணி நேரம் பேசிவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. தாங்கள் தனியாள் என்பதால் வீட்டுக்கு வந்து தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை, மாத முதல் சனிக்கிழமை மனைவி, மகளோடு ஈப்போ வந்து இரவு சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருக்கிறோம், அன்று மாலை எல்லோரும் சேர்ந்து சாப்பிட ஒரு நல்ல சீனக் கடையாகப் பார்த்து வைக்கவும், என் மனைவிக்கு வெகு நாளாகச் சீனச் சாப்பாட்டின் மேல் ஆசை என்று எழுதியிருந்தார்.

கடிதத்தைத் தஞ்சாவூர்க்காரனிடம் காட்டினேன். அவன் இரண்டு முறை படித்தான்.

"சீனக் கடைன்னா எந்தச் சீனக் கடை, மச்சான்? காண்டனீஸா, ஹொக்கியனா, ஹக்காவா, ஹைலாமா? இந்த ஊர்ல அவனவனுக்கு ஒரு கடை இருக்கு. ஒருத்தன் சாப்பாட்ட இன்னொருத்தன் தொட மாட்டான்."

"நல்ல கடைன்னு போட்டிருக்காரே."

"அப்ப எல்லாத்துலயும் சாப்பிட்டுப் பாத்துட்டுதான் முடிவு பண்ணணும்" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மாடும் பன்றியும் அவன் தொடமாட்டான். மற்றபடி நீந்துவது, பறப்பது எல்லாம் அவனுக்குச் சம்மதம். இரண்டு வாரம் வேலை முடிந்ததும் இருவரும் கடை கடையாக ஏறி இறங்கினோம்.

முதலில் போனது காண்டனீஸ் கடை. மாடியில் இருந்தது, படியெல்லாம் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார்கள். இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் வேகவைத்த மீன் ஒன்று வந்தது. தஞ்சாவூர்க்காரன் அதன் முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சினான். ஆனால் பக்கத்து அறையில் ஈயச் சுரங்க முதலாளிகளான தவுக்கேக்கள் நாலு பேர் சூதுக்கட்டைகளை மேசையில் அறைந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். பட்டு உடுத்திய ஒரு பெண் தந்தி வாத்தியம் மீட்டிப் பாட ஆரம்பித்தாள். பாடும்போது எங்களைப் பார்த்தும் ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"மீன் பிரமாதம்" என்றான் அவன். "ஆனா உன் வருங்கால மாமியார் இந்தப் பாட்டக் கேட்டா, உனக்குப் பொண்ணு இல்ல."

ஹொக்கியன் கடை பாசார் ஓரத்தில். சேமியா மாதிரி நீளமான மீதான் அங்கே விசேஷம். ருசியில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் உட்காரச் சாய்மானமில்லாத பெஞ்சுதான், அதிலும் பாதிப் பேர் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அதை விட்டோம்.

ஹக்கா கடை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. புகை படிந்த சுவர், வெற்றுடம்போடு உட்கார்ந்திருந்த சுரங்கக் கூலிகள், சிரிப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஒரு கிழட்டு முதலாளி. அவருக்கு மலாய் அரைகுறை, எங்களுக்கு அவர் பாஷை சுத்தமாகத் தெரியாது. கையைக் காட்டி ஏதோ கேட்டோம். கறுப்பாக மினுமினுவென்று ஒரு கிண்ணம் வந்தது. தஞ்சாவூர்க்காரன் வாய்க்குக் கொண்டுபோன பிறகு முகர்ந்து பார்த்து, "இது பாபி லா" என்று கீழே வைத்தான். பன்றிக்கறிதான். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் பெண் வீட்டாரை அங்கே அழைத்துப் போவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

கடைசியில் எனக்குப் பிடித்தது ஹைலாம்காரர் கடை. பளிங்கு மேசை, வெள்ளை விரிப்பு, முள்கரண்டி, சுவரில் பெரிய கண்ணாடி. முதலாளி முன்பு ஒரு துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். எலும்பு நீக்கிப் பொரித்த கோழிச் சாப்பு, உருளைக்கிழங்கு, கிண்ணத்தில் சூப்பு என்று எல்லாம் மரியாதையாக இருந்தது. அங்கேயே ஜன்னலோர மேசைக்குச் சொல்லிவைத்தேன்.

"அவங்க கேட்டது சீனச் சாப்பாடு" என்றான் தஞ்சாவூர்க்காரன். "நீ கொடுக்கப்போறது துரை வீட்டுச் சாப்பாடு."

"சமைக்கிறவர் சீனர்தானே?"

"என்னமோ செய். மாப்பிள்ளை நீ."

அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு மோட்டார் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டிரஸ்ஸர் கோட்டுப் போட்டிருந்தார். அவர் மனைவி குட்டையாக, கெட்டியாக, எதையும் ஒரு பார்வையில் அளந்துவிடும் கண்களோடு இருந்தார். பெண் நீலப் புடவை கட்டியிருந்தாள். நிமிர்ந்துதான் நடந்தாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். என் பக்கத்து ஆள் என்று சொல்லிக்கொள்ளத் தஞ்சாவூர்க்காரன் மட்டும். அவன் அன்று சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு இட்டு, வேதக்காரக் கல்யாணப் பேச்சுக்கு மாப்பிள்ளை வீட்டாராக வந்து நின்றான்.

ஹைலாம் கடையில் உட்கார்ந்தோம். காப்பி வந்தது. நான் பெருமையோடு, "இங்கே கோழிச் சாப்பு ரொம்ப நல்லா இருக்கும்" என்று சொன்னேன்.

டிரஸ்ஸர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முள்கரண்டியைப் பார்த்தார். தஞ்சாவூர்க்காரன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான்.

"என்னம்மா, புடிக்கலையா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, தம்பி. நல்ல கடைதான்" என்றார் அவர். பிறகு மனசு கேட்காமல், "கல்யாணத்துக்கு முந்தி துரை பங்களாவுல ஏழு வருசம் ஆயாவா இருந்தேன். குக்கு வராத நாளெல்லாம் இந்தச் சாப்பத்தான் நான் பொரிச்சேன்" என்று முடித்தார்.

எனக்குக் காது சுட்டது. கண்ணாடியில் தெரிந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பெண் முதல் முறையாக என்னிடம் பேசினாள்.

"அம்மா கேட்டது ஹக்கா சாப்பாடு. அப்பா கடுதாசில சும்மா சீனச் சாப்பாடுன்னு எழுதிட்டாங்க. எங்க குவாட்டர்ஸ் பக்கத்துல ஹக்காக்காரங்க காய்கறித் தோட்டம் போட்டிருந்தாங்க. நான் பொறந்தப்ப அந்த வீட்டு அம்மாதான் எங்கம்மாவுக்குக் கோழியெல்லாம் சமச்சுக் கொண்டாந்து கொடுத்தாங்க. மூணு வருசம் முந்தி அவங்க வேற எடம் போயிட்டாங்க. அதுல இருந்து அம்மா அதையேதான் சொல்லிக்கிட்டு இருக்காங்க. இங்க ஹக்கா கடை இருக்கா?"

"இருக்கு" என்றேன். "ஆனா அது உங்களக் கூட்டிட்டுப் போற மாதிரி எடம் இல்ல. சந்துக்குள்ள இருக்கு. சுரங்கத்து ஆளுங்க சாப்பிடுற கடை."

"நாங்க தோட்டத்து ஆளுங்க" என்றாள். "போலாமா?"

எழுந்துவிட்டேன். ஹைலாம்காரரிடம் போய் மலாயில் தட்டுத் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். அவர் இன்னும் அடுப்பில் எதையும் போட்டிருக்கவில்லை. "தாக் அப்பா", பரவாயில்லை என்று காப்பிக்கு மட்டும் வாங்கிக்கொண்டு, வாசலில் நின்ற வேறு நாலு பேரை அந்த மேசைக்குக் கூப்பிட்டார்.

சந்துக்குள் ஐந்து பேரும் வரிசையாக நடந்தோம். சாக்கடையைத் தாண்டும்போது அந்த அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கை உயர்த்தி வாசனை பிடித்தார். "இதேதான்" என்றார்.

கிழட்டு முதலாளி எங்களை அடையாளம் கண்டுகொண்டார். முகம் இன்னும் கடுகடுப்பானது. அந்தப் பெண் அவர் முன்னால் போய் நின்று ஹக்காவில் ஏதோ சொன்னாள். கடையே அப்படியே நின்றது. கூலிகள் கிண்ணத்தோடு திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். முதலாளி என்னவோ பதில் சொன்னார், அவள் மறுபடி ஏதோ கேட்டாள். அவ்வளவுதான், அந்த மனிதர் வாயைத் திறந்து, இருந்த நாலு பல்லும் தெரியச் சிரித்தார்.

"என்ன கேட்டீங்க?" என்றேன்.

"இருமல் எத்தன நாளா இருக்குன்னு கேட்டேன். சளி வருதான்னும் கேட்டேன்." அவளுக்கே சிரிப்பு வந்தது. "நான் ஆஸ்பத்திரில அப்பாவுக்குப் பேச்சு மாத்திச் சொல்லித்தான் ஹக்கா கத்துக்கிட்டேன். எங்க வலிக்குது, பசிக்குதா, வயிறு சரியா போகுதா, இதெல்லாம்தான் நல்லா வரும். காய்கறி பேரும் தெரியும்."

அந்த மொழியை வைத்துக்கொண்டே அவள் எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு சொன்னாள். தஞ்சாவூர்க்காரனைக் கையால் காட்டி, பன்றி இவர் வயிற்றுக்கு ஆகாது என்று நோயாளிக்குச் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாள். அன்று முழுக்க முதலாளி அவனை இரக்கத்தோடு பார்த்தார். சூடான உப்புக்குள் புதைத்து வேகவைத்த கோழி, காகிதத்தில் சுற்றியபடியே வந்தது. அரைத்த மீனை உள்ளே அடைத்த தவ்ஹூ என்ற சோயாக் கட்டி வந்தது. உப்பில் ஊறவைத்த கீரை, சோறு, ஒரு பெரிய சட்டியில் சூப்பு.

அம்மாவுக்குப் பிரசவத்தில் கொடுத்த அந்தக் கோழியும் கிடைக்குமா என்று அவள் கேட்டாள். இஞ்சியும் அரிசிச் சாராயமும் போட்டுச் செய்வது. முதலாளி கையை ஆட்டி மறுத்தார். பிறகு அவளைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். கூலிகள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் முகம் சிவந்துபோனது.

"என்னவாம்?" என்றார் தாயார்.

"ஒண்ணுமில்லம்மா. அது கடையில விக்கிறது இல்லையாம்."

அவர் என்ன கேட்டார் என்பதைக் கல்யாணமான பிறகுதான் எனக்குச் சொன்னாள். அது பிள்ளை பெற்றவள் சாப்பிடுவது, உனக்கு எப்போது பிறந்தது, இவன்தான் தகப்பனா என்று கேட்டாராம்.

சாப்பிடக் குச்சிகள் கொடுத்தார்கள். ஐந்து வருடம் ஈப்போவில் இருந்த நான் எடுத்த தவ்ஹூ நழுவிச் சூப்பில் விழுந்து டிரஸ்ஸர் கோட்டில் தெறித்தது. அவர் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, தம் குச்சிகளை இடுக்கிபோல் பிடித்து, காயத்திலிருந்து முள் எடுப்பவர்போல நிதானமாகக் கோழித் துண்டை எடுத்தார். தாயார் குச்சியைத் தொடவே இல்லை. சோற்றைக் கையால் பிசைந்து, கீரையோடு சேர்த்து ஒரு வாய் வைத்தார். மென்றுகொண்டே கண்ணை மூடினார்.

"எப்படிம்மா இருக்கு?" என்று தஞ்சாவூர்க்காரன் மாப்பிள்ளை வீட்டாரின் பொறுப்போடு விசாரித்தான்.

"உப்பு ஒரு கல்லு கூட. ஆனா கை அதே கைதான்" என்றார். இரண்டாவது முறை சோறு வாங்கினார். மூன்றாவது முறையும் வாங்கினார்.

பேச்சும் அதற்குப் பிறகு தானாக வந்தது. தோட்டத்தில் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த குரங்கு மருந்துப் புட்டிகளை உருட்டிவிட்டுப் போன கதையை டிரஸ்ஸர் சொன்னார். நான் ரயிலில் அனுப்பி வழி தவறி வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்த பன்னிரண்டு வாத்துகளைப் பற்றிச் சொன்னேன். அவள் சத்தமாகச் சிரித்தாள். தாயார் அவளை ஒரு பார்வை பார்த்தார், அவள் நிறுத்தவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து கோவில் வாசலில் நின்றோம். முந்தைய நாள் ஹைலாம் கடையில் தலைகுனிந்தது நினைவில் உறுத்திக்கொண்டே இருந்ததால், என்ன சொல்லப் போகிறார்களோ என்று நான் தூணோரமாக ஒதுங்கி நின்றேன். டிரஸ்ஸர் என்னைப் பூவரச மரத்தடிக்குத் தனியாக அழைத்துப் போனார்.

"வீட்டுல சம்மதம், தம்பி" என்றார்.

"அம்மாவுக்கு நேத்து சங்கடமாப் போயிருச்சேன்னு..."

"நானும் அதத்தான் சொன்னேன். அதுக்கு அவ என்ன சொன்னா தெரியுமா? சொல்லிவச்ச மேசைய விட்டுட்டு, ஒரு பொம்பளப் புள்ள பேச்சக் கேட்டு, மூஞ்சத் தூக்காம எந்திரிச்சு வந்தான்ல, அது போதும்னா. எனக்கும் அதுதான் பட்டுச்சு. நீங்க ஊருக்குக் கடுதாசி போட்டு அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருங்க."

அன்று மத்தியானமே எழுதினேன். அப்பாவின் பதில் கப்பலில் வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மாதமும் சனிக்கிழமைதோறும் நான் சிம்பாங் பூலாய் பஸ்ஸில் இருந்தேன். மழை விட்ட ஒரு காலையில் எங்கள் கல்யாணம் நடந்தது. தஞ்சாவூர்க்காரன் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, தெரியாத பாட்டையெல்லாம் எல்லோரையும் விட உரக்கப் பாடினான்.