மனுதாரர் கைபேசி எண்

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை அடையாள அட்டை மட்டும்தான் ஞாபகம் வைத்திருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் மனுக்கா. அரசு அலுவலகத்துக்கு நேர் எதிரே, பத்துக்கு எட்டு அறையில், ஒரு கணினியும் ஒரு ஜெராக்ஸ் மிஷினும் வைத்துக்கொண்டு ஊராருக்கு மனு அனுப்பித் தருவது அவள் பிழைப்பு.

அடி அவளுக்குப் புதிதில்லை. சின்ன வயதில் அப்பாவின் பெல்ட். கல்யாணமான பிறகு புருஷனின் கை. ஏழு வருஷம் வாங்கிக்கொண்டிருந்தவள் ஒருநாள் அந்தக் கையைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினாள். மணிக்கட்டு முறிந்தது, கல்யாணமும் முறிந்தது. "வாயால சொல்லிப் பாத்தேன், கேக்கல" என்பாள், யாராவது விசாரித்தால்.

முன்பெல்லாம் திங்கட்கிழமை வரிசையில் நின்று, அதிகாரியின் முகத்தைப் பார்த்து மனு கொடுக்கலாம். அழலாம். ஆத்திரம் தாங்காவிட்டால் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டலாம். ஒருநாள் அந்த வரிசையை எடுத்துவிட்டு, இனி வீட்டிலிருந்தபடியே முறையிடலாம் என்று பலகை வைத்தார்கள். வீட்டை இடித்துவிட்டார்கள் என்று முறையிடுகிறவன் எங்கே உட்கார்ந்து முறையிடுவான் என்று பலகையில் போடவில்லை. கைபேசி எண் இல்லாமல் அந்த இணையதளம் ஒரு வரிகூட வாங்காது. வருகிறவர்களில் பாதிப் பேரிடம் ஃபோன் இல்லை; மீதிப் பேருடைய ஃபோன் வீட்டு ஆம்பளை கையில். மனுக்கா கொஞ்சமும் யோசிக்காமல் தன் எண்ணைப் போட்டுக் கொடுத்தாள். மூன்று வருஷம், நானூறு மனு, ஒரே எண். ஊருக்கு விழவேண்டிய அடியை எல்லாம் ஒரே விலாசத்துக்கு வரவழைக்கிறோம் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

இஸ்திரி போடுகிறவளின் மனுவும் அப்படிப் போனதுதான். அவள் புருஷன் அமில ஆலையில் தொட்டி கழுவ இறங்கி, மூச்சடைத்து உள்ளேயே செத்துப்போனான். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஆலை எழுதிக்கொண்டது. அவன் குடிக்கவே மாட்டான். அவளுடைய ஃபோனைக் கொழுந்தன் பிடுங்கி வைத்திருந்தான். அவன் அதே ஆலையில் மேஸ்திரி. அண்ணன் செத்த மூன்றாம் நாளே வேலைக்குப் போனவன். மனு ஒரே சொடுக்கில் ஆலைகளைக் கண்காணிக்கும் அதிகாரிக்குப் போனது. அந்த அதிகாரி இன்னொரு சொடுக்கில், மனுக்காவின் எண்ணோடும் விலாசத்தோடும், அதை ஆலைக்கே அனுப்பி வைத்தார்.

முப்பது நாளுக்குள் முடிக்காத மனு தானாக மேலிடத்துக்கு ஏறிவிடும். அதற்குள் முடிக்க வேண்டுமென்றால், மனுதாரருக்குத் திருப்தி என்பதற்கு அடையாளமாக அவர் ஃபோனுக்கு ஓ.டி.பி. வரும், அந்த ஆறு இலக்கத்தைச் சொன்னால் மனு மூடப்படும். முப்பதாம் நாள் மாலை நாலேகாலுக்கு மேஸ்திரி கடைக்குள் வந்தான். கூடவே ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவன். ஷட்டர் பாதிக்கு இறங்கியது.

"அக்கா, அஞ்சு மணிக்குள்ள ஒரு நம்பர் வரும். அதச் சொல்லிட்டா நாங்க பாட்டுக்குப் போயிடுவோம்" என்றான் மேஸ்திரி, மரியாதையாகவே.

"உங்க அண்ணி வந்து சொல்லச் சொல்லட்டும், சொல்றேன்."

ஹெல்மெட்காரன் சட்டைக்குள்ளிருந்து இரும்புக் கம்பியை உருவினான். முதல் அடி கணினித் திரைக்கு. இரண்டாவது ஜெராக்ஸ் மிஷினுக்கு. மூன்றாவது அவள் இடது கைக்கு. எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. நாலாவது அடி மேஜைமேல் இருந்த ஃபோனில் விழுந்தது. மேஸ்திரி அவன் ஹெல்மெட்டிலேயே ஓங்கி ஒன்று வைத்தான்.

"அதுலதானடா மெசேஜ் வரணும், முட்டாப் பயலே."

வலியிலும் மனுக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்காக ஒரு அறை விழுந்து மூக்கில் ரத்தம் கொட்டியது. மேஸ்திரி ஒரு குண்டூசியை எடுத்து, நொறுங்கிய ஃபோனைக் குத்தி சிம்மை வெளியே எடுத்தான். அதை மேஜையில் வைத்துவிட்டுத் தன் ஃபோனைத் திறக்கக் குனிந்தான். விரல் நகம் அளவு இருந்தது அது. மனுக்கா நல்ல கையின் விரலை ரத்தத்தில் நனைத்து, சிம்மின் மேல் அழுத்தி, அது விரலில் ஒட்டிக்கொண்டதும் வாயில் போட்டு விழுங்கினாள்.

இரண்டு பேரும் அவளைத் தரையில் தள்ளி வயிற்றில் உதைத்தார்கள், வாந்தி எடுக்கட்டும் என்று. மதியம் தின்ற சோறு வந்தது, சிம் வரவில்லை. மேஸ்திரி அவள் தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டான். அவள் கடித்தாள். பல் எலும்பில் முட்டிய பிறகும் விடவில்லை. அவன் போட்ட அலறல் எதிரே அலுவலகம் வரைக்கும் கேட்டிருக்கும்; ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஹெல்மெட்காரன் கம்பியால் அவள் தாடையில் ஓங்கி அடித்த பிறகுதான் விரல் வெளியே வந்தது, அவளுடைய மூன்று பற்களோடு. அந்த நேரம் மேஸ்திரியின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் அதே அதிகாரி.

"விடுய்யா. மணி அஞ்சாயிடுச்சு. மனு மேல போயிடுச்சு."

மனுக்கா தரையில் கிடந்தபடி அதைக் கேட்டாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் வாழ்க்கையில் அறிந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பதினோராம் நாள் இஸ்திரிக்காரி வந்தாள். கொழுந்தன் தலைமறைவாகிவிட்டான், அவன் விட்டுப்போன சட்டைகளுக்கு நடுவே அவளுடைய ஃபோன் திரும்பக் கிடைத்திருந்தது. மனு எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள். மேலிடம் ஒரே வாரத்தில் வேலையை முடித்திருந்தது. 'மனுதாரரை மூன்று முறை அழைத்தும் கைபேசி தொடர்பில் இல்லை. மனு முடித்துவைக்கப்பட்டது.'

மனுக்கா அழுதாள். கதவிடுக்கு நாளிலும் அழாதவள், கம்பியால் அடி வாங்கியபோதும் அழாதவள், இப்போது மூக்கு வழியாகக் கேவிக் கேவி அழுதாள். அடித்தவன் அடித்துத் தோற்றான். அடிக்காதவன் மூன்றே அழைப்பில் ஜெயித்துவிட்டான். அந்த அவமானம் தாடையைவிட வலித்தது.

இஸ்திரிக்காரி தன் ஃபோனில் புது மனு படிவத்தைத் திறந்து நீட்டினாள். மனுக்கா ஒற்றைக் கையால் தட்டச்சு செய்தாள். முதலில் தொட்டியில் செத்தவனைப் பற்றி, அதன் கீழே ஓ.டி.பி.க்காக உடைந்த தாடையைப் பற்றி. கைபேசி எண் கேட்ட இடத்தில், பழக்கதோஷம், அவள் விரல் தன் எண்ணையே அடிக்க ஆரம்பித்தது. இஸ்திரிக்காரி அந்த விரலைப் பிடித்து நகர்த்தினாள். அடித்த இலக்கங்களை ஒவ்வொன்றாக அழித்தாள்.

"செத்தது என் புருஷன்க்கா. அடுத்த தடவ என்னத் தேடி வரட்டும்."

மனுக்கா தலையை ஆட்டித் தடுக்கப் பார்த்தாள். பேச வாய் திறக்கவில்லை. இஸ்திரிக்காரி தன் எண்ணைப் போட்டு அனுப்பினாள். மனுவைப் பதிவு செய்வதற்கான ஓ.டி.பி. முதல் முறையாக அவள் ஃபோனுக்கே வந்தது. முப்பது நாள் அன்றிலிருந்து மறுபடி தொடங்கியது.