உதைக்காத தோட்டா

எங்கள் வீட்டில் ஒரு சாமான் வாங்குவதென்றால் அது இலேசில் முடிகிற காரியம் அல்ல. ரைஸ் குக்கர் வாங்குவதற்கே அப்பா கிங்ஸ்பரியில் இருந்த இரண்டு மாமாமாரைக் கேட்டு, அவர்கள் ஒருவரையொருவர் மறுத்துப் பேசி, கடைசியில் அம்மா தானே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். அப்படிப்பட்ட வீட்டில் சித்தப்பா துவக்குக்கு ஏற்ற தோட்டாவைத் தெரிவு செய்யத் தொடங்கினார் என்றால் எங்கள் குசினி என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். எனக்கு அப்போது பத்து வயது.

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. ஊரில் சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு லண்டன் வந்து சேர்ந்தவர். எங்கள் வீட்டு மாடியில் இருந்த சின்ன அறையில் தங்கி, ஒரு பேக்கரிக்கு வேலைக்குப் போய்வந்தார். ஆள் நல்ல மெலிவு, பேச்சு அதைவிட மெலிவு. கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்க் கோப்பை கழுவத் தொடங்கிவிடுவார். அம்மாவும் அந்தப் பேச்சை விடுவதாக இல்லை. அதனால் எங்கள் வீட்டில் கழுவாத கோப்பை என்று ஒன்று இருந்ததே இல்லை.

பேக்கரியில் கூட வேலை செய்த ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை லண்டனுக்கு வெளியே ஒரு கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெடுந்தூரத்தில் வைத்த இரும்புத் தகட்டுக்கு ரைபிளால் சுடுகிறவர்களின் கிளப். திரும்பி வந்தவர், சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, தானும் அதில் சேரப்போவதாகச் சொன்னார். அம்மா கறி பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டுவிட்டார்.

“துவக்குச் சத்தம் வேண்டாமெண்டுதானே தம்பி கடல் கடந்து ஓடி வந்தனாங்கள்? இஞ்சை வந்தும் உங்களுக்கு அதே வேலையோ?”

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்பாதான், “விடுமப்பா. சும்மா தகட்டுக்குச் சுடுற விளையாட்டு. நாலு பேரோடை பழகட்டுமன்” என்றார். எனக்கு அது பெரிய ஆச்சரியம். என் பிறந்தநாளுக்குத் தண்ணீர்த் துவக்கு வாங்கித் தரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவர் அவர்.

இந்த நாட்டில் சொந்தமாகத் துவக்கு வைத்திருக்க ஆசைப்பட்டால் பொலிஸிடம் அனுமதி கேட்க வேண்டும். எந்த அளவுத் தோட்டா சுடுகிற துவக்கு என்பதையும் கேட்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஆகவே முதலில் தோட்டா, பிறகுதான் துவக்கு. சித்தப்பாவின் ஆங்கிலம் பாண் சுடுகிற இடத்துக்குப் போதுமானது, அதற்கு மேல் ஏலாது. வீட்டின் உத்தியோகபூர்வ மொழிபெயர்ப்பாளர் நான். டொக்டர், கவுன்சில், மின்சாரக் கம்பனி எல்லாமே என் வாய்வழியாகத்தான் பெரியவர்களுக்கு விளங்கின. தோட்டாவும் அப்படி என் இலாகாவுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு கோடைகாலம் முழுக்க நானும் அவரும் குசினி மேசையில் மடிகணினியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தோம். முந்நூற்றெட்டு என்று ஒரு தோட்டா. எங்கும் கிடைக்கும், துவக்கின் குழலும் நெடுநாள் உழைக்கும், ஆனால் சுடும்போது தோளில் நன்றாக உதைக்கும். இருநூற்று இருபத்து மூன்று என்று இன்னொன்று. உதைப்பு மிகக் குறைவு, ஆனால் தூரம் போகப் போகக் காற்று அதைத் தள்ளிவிடும், தகட்டில் பட்டாலும் பட்ட இடம் சரியாகத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஆறரை மில்லிமீட்டர், ஆறு மில்லிமீட்டர் என்று வேறு சில. அவற்றில் ஆறு மில்லிமீட்டர் தோளை மெல்லத் தள்ளும், நெடுந்தூரமும் ஒழுங்காகப் போகும், குழலைத்தான் சீக்கிரம் தேய்த்துவிடும். துவக்குப் பாரமாக இருந்தால் உதைப்பு இன்னும் குறையும். நான் இதையெல்லாம் வாசித்து வாசித்துச் சொல்ல, சித்தப்பா கேட்டது ஒரே கேள்வி. “இது எவ்வளவு உதைக்குமாம்?”

அப்பா அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் சீண்டுவார். “உதைக்காத துவக்குத்தான் வேணுமெண்டால் பேசாமல் பிள்ளை கேட்ட தண்ணித் துவக்கை வாங்கு தம்பி. ரெண்டு பேருக்கும் உதவும்.” சித்தப்பா சிரிப்பார். எனக்கோ உள்ளூர வெட்கம். தோள் நோகும் என்று பயப்படுகிற ஆள் எதற்குத் துவக்குத் தூக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பரீட்சையும் நடத்தினோம். சித்தப்பா முன்னறைக் கம்பளத்தில் குப்புறப் படுத்து, நிலம் துடைக்கிற கட்டையைத் தோளில் அணைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைக் குறிபார்ப்பார். நான் பக்கத்தில் முழந்தாளிட்டு, முந்நூற்றெட்டுக்கு ஓங்கி ஒரு இடி, ஆறுக்கு மெல்ல ஒரு தட்டு என்று அவருடைய தோளில் கொடுப்பேன். ஓங்கி இடித்தால் அவர் கண் கடிகாரத்தை விட்டுக் கூரைக்குப் போய்விடும். மெல்லத் தட்டினால் அப்படியே நிற்கும். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஈலிங் அம்மனுக்கு ஒரு அர்ச்சனை செய்யத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்.

“கண் விலகினால் என்ன சித்தப்பா?” என்று கேட்டேன்.

“என்ரை துவக்காலை போற சன்னம் எங்கை போய் விழுகுதெண்டு நான் பாக்கோணும், பிள்ளை. உதைச்சால் அந்த நேரம் பாக்க ஏலாது.”

“பட்ட இடத்தைக் கிளப்பிலை ஆரும் பாத்துச் சொல்லுவினம்தானே?”

“மற்றாக்கள் சொல்லி அறியுறது வேறை” என்று சொல்லிவிட்டு மறுபடி கட்டையை அணைத்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் நான் ஒரு அட்டவணையைக் கண்டுபிடித்தேன். இத்தனை தூரத்தில் சன்னம் இவ்வளவு கீழே விழும் என்று நிரை நிரையாகப் போட்டிருந்தது. வகுப்பில் படித்த புவியீர்ப்பு விசை நினைவுக்கு வந்ததில் எனக்குத் தலைகால் புரியாத சந்தோசம். “நேரை போகாது சித்தப்பா. போகப் போக விழும். அறுநூறு யார் தூரத்திலை ஒரு ஆளின்ரை உயரத்துக்கும் மேலாலை விழுமாம்!”

“விழுமோ?” என்றார். “மேலை பிடிச்சுச் சுட்டாலும்?”

“மேலை பிடிச்சாலும் விழும். ஆறு மில்லிமீட்டர் தோட்டாவே இவ்வளவு விழுது. இதைவிட மெதுவாப் போறது இன்னும் கனக்க விழும்.” கை இரண்டையும் அகல விரித்துக் காட்டினேன். அவர் திரும்பச் சொல்லச் சொன்னார். நானும் டீச்சர் மாதிரி ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தித் திரும்பச் சொன்னேன். சித்தப்பா எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். கழுவுவதற்கு அன்று கோப்பை ஒன்றும் இருக்கவில்லை.

அவருக்கு என்ன நடந்தது என்பதை நான் பல்கலைக்கழகம் போன பிறகு, ஒரு நாள் காரில் வைத்து அப்பா சொன்னார். சித்தப்பா லண்டன் வந்த புதிதில் அப்பாவிடம் மட்டும் ஒருமுறை சொல்லி, பிறகு வாய் திறக்காத கதை. சண்டையின் கடைசி மாதங்களில், மீசைகூடச் சரியாக முளைக்காத வயதில், இயக்கக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கையில் ஒரு துவக்கைக் கொடுத்திருக்கிறார்கள். பழக்கியது சில நாட்கள்தான். ஒரு விடியற்காலை, சனம் மூட்டை முடிச்சோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மறுகரைக்குத் தப்பிப் போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் ஒரு மண்மேட்டில் படுத்திருந்த சித்தப்பாவிடம், அவர்களைத் திருப்பச் சுடு என்றார்கள். அவர் யாருக்கும் படக்கூடாது என்று, குழலை அவர்களுடைய தலைக்கு மேலே ஓர் ஆள் உயரம் தூக்கிப் பிடித்துச் சுட்டார். துவக்கு உதைத்தது, கண் விலகிவிட்டது. மறுபடி பார்த்தபோது சனம் தண்ணீருக்குள் விழுந்தும் எழும்பியும் கிடந்தது. வெடிச் சத்தம் கேட்டால் எல்லோரும்தான் விழுவார்கள். யார் பயத்தில் விழுந்தது, யார் பட்டு விழுந்தது என்று அங்கிருந்து சொல்ல முடியாது. தலைக்கு மேலால்தான் போயிருக்கும் என்ற அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு அவர் அத்தனை வருடம் இருந்திருக்கிறார். இதெல்லாம் தெரிந்துதான் அப்பா அன்று சாப்பாட்டு மேசையில் அவரைத் தடுக்கவில்லை. தகட்டுக்குச் சுட்டுச் சுட்டாவது மனம் ஆறட்டும் என்று நினைத்தாராம்.

இதை அறியாத நான், கோடை முடிகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா கட்டித்தந்த கட்லட் பொதியோடு சித்தப்பாவுடன் கிளப்புக்குப் போனேன். காதுக்குக் கவசம், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டார்கள். புதியவர்களுக்குப் பக்கத்தில் இருந்து காட்டிக்கொடுக்கிறவர் நரைத்த மீசை வைத்த ஒரு வெள்ளைக்கார அங்கிள். கட்லட்டில் இரண்டைச் சாப்பிட்டுவிட்டு என்னை மேடம் என்று கூப்பிடத் தொடங்கினார். தூரத்தில் ஒரு உயர்ந்த மண்சுவர், அதன் அடியில் வெள்ளை பூசிய தகடு. வெறுங்கண்ணுக்கு அது ஒரு தபால் முத்திரை அளவுதான்.

முந்நூற்றெட்டு சித்தப்பாவின் தோளை உதைத்த உதையில் எனக்கே நொந்தது. அவர் தலையசைத்து அதை வைத்துவிட்டார். இருநூற்று இருபத்து மூன்றும் சரிவரவில்லை. பிறகு அங்கிள் தன்னுடைய ஆறு மில்லிமீட்டர் துவக்கைக் கொண்டுவந்து வைத்தார். நல்ல பாரமான துவக்கு. தூரத்துக்கு ஏற்றபடி துவக்கின் மேல் பூட்டிய தொலைநோக்கியின் சில்லைத் திருப்பிவிடப் போனவரைச் சித்தப்பா தடுத்தார்.

“வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. நூறு யார் தூரத்துக்கு வைச்சபடியே இருக்கட்டும். நான் ஒரு ஆள் உயரம் மேலை பிடிக்கிறன்.”

நான் சொன்னேன். அப்படிச் சுடுகிறவர்களும் உண்டு என்று அங்கிள் தோளைக் குலுக்கினார். என்னை ஒரு பெரிய தொலைநோக்கிக்குப் பின்னால் இருத்தி, சன்னம் போகிற பாதையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தந்தார்.

சித்தப்பா படுத்தார். வெகுநேரம் அசையவில்லை. அவர் தகட்டைக் குறிபார்க்கவில்லை, அதற்கு மேலே, வெறும் மண்சுவரில் ஓர் ஆள் உயரத்தில் பிடித்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர்தான் சொன்னாரே. சத்தம் வந்தது. துவக்கு சற்றே பின்னால் நகர்ந்தது, அவ்வளவுதான். கொதிக்கும் கேத்தலின் வாயில் காற்று நடுங்குவது போல ஒரு கோடு மேலே ஏறுவதைக் கண்டேன். தகட்டைத் தாண்டி மேலாலேயே போகப்போகிறது என்று நினைக்கும்போதே அது சரிந்து இறங்கியது. தகட்டின் நடுவில் ஒரு சாம்பல் புள்ளி விழுந்தது. கொஞ்சம் பொறுத்து ‘டங்’ என்ற ஓசை எங்களிடம் வந்து சேர்ந்தது.

நான் துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். அங்கிளும் தட்டினார், வரிசையில் நின்ற மற்றவர்களும் தட்டினார்கள். சித்தப்பா கன்னத்தைத் துவக்கில் வைத்தபடியே கிடந்தார். பிறகு இன்னொரு தோட்டாவைப் போட்டு, அதே இடத்தில் பிடித்து, மறுபடி சுட்டார். அதுவும் இறங்கி வந்து தகட்டிலேயே பட்டது.

இதுதானா உங்களுக்கு ஏற்ற தோட்டா என்று கேட்கும்படி அங்கிள் என்னிடம் சொன்னார்.

“போதும் பிள்ளை” என்றார் சித்தப்பா. “பாத்திட்டன்.”

ரயிலில் அவர் யன்னல் பக்கமாகவே இருந்தார். மிச்சக் கட்லட் எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். வீட்டுக்குள் போனதும் நேரே மாடி ஏறிவிட்டார். நான் குசினியில் நின்று, கையையும் காலையும் ஆட்டி, நடந்ததை நடித்துக் காட்டினேன். “அப்பா, சித்தப்பா ஒரு ஆள் உயரம் மேலை பிடிச்சவர். ஆனால் ரெண்டு தரமும் கீழை வந்து சரியாப் பட்டது!” அப்பா சாப்பிடுவதை நிறுத்தினார். “காணும், நிப்பாட்டு” என்றார். அவ்வளவு கடுமையாக அவர் என்னோடு பேசியதில்லை. கையைக்கூடக் கழுவாமல் மாடிப்படிவரை போய், ஏறாமல் அங்கேயே நின்றார்.

சித்தப்பா அதன் பிறகு கிளப்புக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டு அம்மாவும் அவரைக் கரைச்சல்படுத்தவில்லை. அவர் தேடிக்கொண்டிருந்த பதிலை, அவருக்கு விளங்குகிற மொழியில், ஆறுதலாக, இரண்டு தரம் எடுத்துச் சொன்னது நான்தான்.

ஆனால் அன்று பின்னேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் சித்தப்பா சோர்ந்துபோனார் என்பதுதான். நன்றாகச் சுட்டும் வீட்டில் யாரும் பெரிதாகப் பாராட்டவில்லை, அதுதான் கவலை என்று முடிவு செய்தேன். அப்பாவைத் தாண்டி மாடிக்குப் போய், மூடியிருந்த கதவில் வாயை வைத்துச் சொன்னேன்.

“சித்தப்பா, நீங்கள் சுட்டது ஒண்டும் பிழைக்கேல்லை. எல்லாம் பட்டது.”



“ஓம் பிள்ளை” என்றார்.

அவரைத் தேற்றிவிட்டேன் என்ற திருப்தியோடு கீழே வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.