நான் ஓகே சொன்ன சுவர்

போன ஞாயிற்றுக்கிழமை என்னை ஒரு சுற்றுலாவுக்கு அழைத்துப் போனார்கள். கூவம் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய கட்டடங்களை ஒரே நாளில் காட்டுகிற சுற்றுலா. திருவேற்காட்டில் தொடக்கம். வந்தவர்கள் எல்லோரும் இளைஞர்கள். நான் மட்டும்தான் கட்டடங்களின் வயதுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருந்தேன்.

அயனம்பாக்கம் தாண்டி ஒரு பாழடைந்த சத்திரம். அதன் வாசல் பக்கத்துச் சுவரில், நெஞ்சு உயரத்தில், சுண்ணாம்புச் சாந்தில் செய்த ஒரு சதுரம். வழிகாட்டிப் பெண் அதைக் காட்டினாள். "பேர் எழுத இடம் விட்டிருக்காங்க, ஆனா எழுதலை. கட்டினவங்களோட தன்னடக்கம்னு நினைக்கிறேன்."

எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

தன்னடக்கமெல்லாம் இல்லை. அது நான் செய்தது.

எழுபதுகளின் தொடக்கம். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். தயாரான பாகத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்ப்பேன். பிசிறு தட்டினால் ரிஜெக்ட், வழுக்கினால் ஓகே. எங்கள் மனமகிழ் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். எம்.ஏ. வரலாறு படித்திருந்தேன் – அந்த வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. இதே ஆற்றங்கரைக்கு இதே மாதிரி ஒரு சுற்றுலா ஏற்பாடு செய்தேன். கம்பெனி பஸ், புளியோதரை, போகிற வழியெல்லாம் என் சொற்பொழிவு.

சத்திரத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னவன் ஏழுமலை. ஃபிட்டர். பக்கத்து ஊர்க்காரன். அவன் வீட்டில் முதன்முதலாகத் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைந்தவன் அவன்தான். அதற்கு முன் எல்லோருமே அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"எங்க முப்பாட்டன் முனியன் பேரு அங்க எழுதிக்கீது சார். சுண்ணாம்பு அரைச்சவரு. கட்டுன புண்ணியவான் பேருக்குக் கீயே அவரு பேரையும் போட்டாங்களாம். மேல மேல வெள்ளையடிச்சு மூடிக்கிச்சு. நீங்க படிச்சவரு, பாத்துச் சொல்லுங்க சார்."

இதை அவன் செக்‌ஷனிலும் சொல்லியிருந்தான். அதன் பலன் பஸ்ஸிலேயே கிடைத்தது. "இன்னா மாமே, சத்திரமே உங்க ஊட்டு சொத்தாமே? நாங்க ராத்தங்கிக்கலாமா?" என்றான் ஒருவன். ஏழுமலை சிரித்தான். "சார் படிக்கட்டும், அப்பால பேசு."

போய்ப் பார்த்தால் சதுரம் முழுக்க மேடும் பள்ளமுமாக இருந்தது. ஒன்றும் படிக்க முடியவில்லை. மேலே இருக்கிற சுண்ணாம்பைச் சுரண்டுங்கள் என்று நாலு ஃபிட்டர்களிடம் சொல்லிவிட்டுப் புளியோதரைக்குப் போனேன். ஏழுமலை எல்லோருக்கும் மோர் கொண்டுவர வீட்டுக்குப் போயிருந்தான்.

ஃபிட்டர்களிடம் மேடு பள்ளமான ஒன்றைக் கொடுத்தால் என்ன செய்வார்கள்? பஸ் டிரைவரின் டூல் பாக்ஸிலிருந்து அரம் எடுத்தார்கள், எமரி பேப்பர் எடுத்தார்கள்... நான் திரும்பி வந்தபோது சதுரத்தில் முக்கால் பாகம் சமதளமாகியிருந்தது. நல்ல வேலைப்பாடு.

கீழே ஒரு வரி மட்டும் மிச்சம் இருந்தது. கட்டை விரலால் தடவினேன். வளைவு தட்டியது. அழுத்தித் தடவினேன். "மு."

புடைப்பாகச் செய்த எழுத்துகள். மேடு என்று அவர்கள் ராவித் தள்ளியது முழுக்க எழுத்து. அந்த "மு" முனியனாக இருக்கலாம். முற்றிற்று என்றும் இருக்கலாம். நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. ஆனால் பாதி எழுத்து மிஞ்சினால், மீதி என்னாயிற்று என்று கேட்பார்களே? சுரண்டச் சொன்னது யார் என்று கேட்பார்களே?

"ஓகே. மீதியையும் லெவல் பண்ணிடுங்க" என்றேன்.

பிறகு ஏழுமலை மோர்ப் பானையோடு வந்தான். எழுத்தே இல்லைப்பா, வெறும் சுண்ணாம்புக் கட்டிதான் என்று அவனிடம் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவன் சுவரை ஒரு முறை பார்த்தான். சரி சார் என்றான். என் டம்ளரில் மோர் ஊற்றினான்.

ரிட்டயர் ஆகும்வரை அவனுக்குச் "சத்திரம்" என்றுதான் பெயர். கேன்டீனில் அப்படிக் கூப்பிடுவார்கள். நானும் ஒன்றிரண்டு முறை கூப்பிட்டிருக்கிறேன்.

இந்தச் சுற்றுலாவுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை அவன் வீட்டைத் தேடிப் போனேன். எண்பதை நெருங்குகிறான். ஒன்று விடாமல் சொன்னேன். மன்னிப்பு என்ற சொல்லை எங்கே வைப்பது என்று தெரியாமல், முதலிலும் வைத்தேன், கடைசியிலும் வைத்தேன்.

அவன் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டான்.

"தெரியும் சார். மோர்ப் பானைய வச்சிகினு வாசல் தூணுக்குப் பின்னாலதான் நின்னுகினு இருந்தேன். நீங்க கட்ட விரல வச்சீங்க, எடுத்தீங்க, திரும்ப வச்சீங்க. ஒண்ணுமே இல்லாத எடத்துல நீங்க ரெண்டாவது தபா விரல் வக்கிற ஆளு கெடயாதே."

"அப்பவே கேட்டிருக்கலாமே ஏழுமலை?"

"கேட்டா இன்னா சொல்லியிருப்பீங்க?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

அவனே தொடர்ந்தான். "எங்க முப்பாட்டன் பேரு இருந்துச்சின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். இல்லாங்காட்டி நீங்க எதுக்குப் பொய் சொல்லப்போறீங்க?"

வழிகாட்டிப் பெண்ணிடம் நேற்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன். இனிமேல் அந்தச் சுவர் முன்னால் நின்று முனியன் பெயரையும் என் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். நான் ஓகே சொன்னதில் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது இது ஒன்றுதான்.