ஞாயிறு ராத்திரிக்கு ஒரு கூடாரம்

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டூட்டி சார்ட் போடுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை, அதே சுழல் நாற்காலி. எந்த டிரைவர் எந்த வண்டியில் எத்தனை மணிக்கு ஏற வேண்டும், யாருக்கு வார லீவு, யாருக்கு நைட்டு என்று நானூறு பேருடைய தூக்கத்தைத் தீர்மானிக்கிறவர் இவர்தான். டிரைவர்கள் முகத்துக்கு நேரே 'சார்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால் 'சார்ட்டு வருதுடா' என்பார்கள். இவருக்கும் அது தெரியும். கோபப்பட மாட்டார். கோபப்படுவதற்கென்றே வீட்டில் நான் ஒருத்தி இருக்கிறேன், அந்த டூட்டி எனக்கு.

இந்த மனுஷன் தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை. அது பெரிய தொல்லை. பூட்டிய கதவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். படியிறங்கிப் போய்விட்டு மறுபடி ஏறி வந்து மூன்றாம் தடவை இழுப்பார். "கதவு கையோட வந்துடும், விட்டுத் தொலைங்க" என்று கத்துவேன். "ஒரு திருப்திக்கும்மா" என்பார். அந்தத் திருப்தியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாரோ தெரியாது.

இவருடைய தம்பி, அதாவது என் கொழுந்தன், இவருக்கு நேர் எதிர். செல்போன் டவர் ஏறுகிறவன். இடுப்பில் பெல்ட்டும் கொக்கியும் மாட்டிக்கொண்டு இருநூறு அடி உயரத்தில் தொங்குவான். வேலை எங்கேயோ அங்கேயே டவர் அடியில் ஒரு பாயைப் போட்டுத் தூங்கிவிடுவான். இரண்டு கிட்னியும் போனபோது அவனுக்கு முப்பத்தைந்து வயது. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது, வேலை நின்றது, எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தான். கிட்னி தர இவர் போய் நின்றார். சர்க்கரை இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். என்னுடையது பொருந்தவில்லை. திங்கள், புதன், வெள்ளி, காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ் என்று ஆகிவிட்டது. நாலு மணி நேரம் மெஷினோடு கிடக்க வேண்டும். நாள் முழுக்க முக்கால் லிட்டர் தண்ணீர்தான். அதையும் நான்தான் பாட்டிலில் ஊற்றி வைப்பேன்.

"அண்ணி, வார்டு சீலிங்குல மொத்தம் நூத்தி நாப்பத்திநாலு சதுரம். ஏழுல கறை. அதுல ஒண்ணு அப்படியே அண்ணன் மூஞ்சி" என்று முதல் வருஷம் சிரித்துக்கொண்டே சொல்வான். மூன்றாம் வருஷம் அந்தச் சிரிப்பு இல்லை. ஒரு நாள் மருந்துக்கடை வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, முன்னறையில் மல்லாந்து படுத்து மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேல ஒண்ணும் இல்லாம ஒரு ராத்திரி படுக்கணும் அண்ணி. ஒரே ஒரு ராத்திரி."

"மொட்டை மாடியில படேன் தம்பி. யாரு வேண்டாங்கறா?"

"சுத்தி நாலு பில்டிங் லைட்டு. அது மாடி இல்ல அண்ணி, மேடை." பிறகு ஒரு தேசியப் பூங்காவைப் பற்றிச் சொன்னான். அந்தக் காட்டின் ஓரத்தில் ஒரு டவர் ஏறியிருக்கிறானாம். உச்சியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும், ஏரிக்கரை முழுக்கக் கூடாரம் கூடாரமாக இருக்கும். "அன்னைக்கு இறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாம். நேரமில்லன்னு அடுத்த டவருக்குப் போயிட்டேன்."

இவர் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் எங்களை வெளியே கூட்டிவந்து சொன்னார். இரண்டு கை ரத்தக்குழாயும் அடைத்துக்கொண்டது, இப்போது கழுத்தில் குழாய் வைத்து ஓட்டுகிறோம், இதயமும் களைத்துவிட்டது. "ஒரு வருஷம் தாண்டினா பெரிய விஷயம். ஆசைப்பட்டதைச் செஞ்சு குடுங்க. ஆனா சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பிடணும். திங்கக்கிழமை ஆறு மணிக்கு மெஷின்ல இருக்கணும்." ஆக, ஒரு வாரத்தில் அவனுக்கென்று இருந்தது ஒரே ஒரு ராத்திரி, சனிக்கிழமை ராத்திரி.

அந்தப் பூங்காவில் கூடாரம் போட நாற்பது இடம்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைக்கு ஒரு ராத்திரி மட்டும். ஆறு மாதத்துக்கு முன்னால், காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் திறப்பார்கள். நாடே அதற்காக விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் போலிருக்கிறது, காபி ஆறுவதற்குள் எல்லாம் போய்விடும். இவர் மூன்று காலை வெறுமனே ஒத்திகை பார்த்தார். திரையில் எந்தப் பெட்டிக்குப் பின் எந்தப் பெட்டி வருகிறது என்று தாளில் எழுதிவைத்தார். நாலாவது காலை லீவு போட்டார். லீவு போடுகிறவர்களை ஜென்ம விரோதியாகப் பார்க்கிற மனுஷன்! எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு, "கிடைச்சிடுச்சு!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நான் அழுதுவிட்டேன். கொழுந்தன் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

உறுதிச் சீட்டை அச்செடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஆறு மாதமும் அது அங்கேயே இருந்தது. பால் எடுக்கும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

பிறகு இவருடைய திட்டம் தொடங்கியது, அடேயப்பா. கூடாரம் வாங்கி முன்னறையில் விரித்துப் பார்த்தார்கள். சோபாவை வெளியே தள்ளினால்தான் இடம் வந்தது. கொழுந்தன் உள்ளே படுத்துக்கொண்டு, "அண்ணா, இந்த முடிச்சு போட்டா காத்து வந்தா நாம ஏரியிலதான் தூங்கணும்" என்று கேலி செய்துகொண்டே சொல்லிக்கொடுத்தான். கழுத்துக் குழாய் நனையாமல் இருக்க உறை, மாத்திரை டப்பா, பூங்காவுக்குப் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் மெஷின் இருக்கிறது, வழியில் எங்கே நின்று அவன் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு சார்ட். தினமும் அதை எடுத்துச் சரிபார்ப்பார். "பரீட்சையா எழுதப் போறீங்க?" என்பேன்.

அந்த ஆறு மாதத்தில் கொழுந்தன் பாதியாகிவிட்டான். மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தடவை நின்றான். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் கண் விழித்ததும் கேட்டது, "இன்னும் எத்தனை நாள் அண்ணி இருக்கு?" என்பதுதான். அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடு இருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. பயமாகவும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பூங்கா வாசலில் போய் நின்றோம். உள்ளே மரங்களுக்கு நடுவே ஏரி பளபளவென்று தெரிந்தது. கொழுந்தன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டான். வனக்காவலர் சீட்டை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"சார், இது நாளைக்கு ராத்திரிக்கு. ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கு பாருங்க."

"ஆமா, ஞாயிறு நைட்டுதான்" என்றார் இவர், எரிச்சலே இல்லாமல். அடுத்த நொடி இவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

டிப்போவில் நைட்டு டூட்டி ராத்திரி பத்து மணிக்கு ஏறி மறுநாள் காலை ஆறு மணிக்கு இறங்குவது. வண்டியை விட்டு இறங்குகிற நாள்தான் அங்கே கணக்கு. சனிக்கிழமை ராத்திரி ஏறுகிறவன் பெயர் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில்தான் இருக்கும். அங்கே 'ஞாயிறு நைட்டு' என்றால் சனிக்கிழமை சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும், சின்னப் பையன் கண்டக்டருக்குக்கூட அது தெரியும். இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான். தங்கும் ராத்திரி எது என்று பெட்டியில் கேட்டதும் இவர் விரல் தானாக ஞாயிற்றுக்கிழமைக்குப் போயிருக்கிறது. எத்தனை தடவை சரிபார்த்தால் என்ன, பார்த்த கண் டிப்போக் கண்ணாயிற்றே. நானும் பார்த்தேன், பாவி. ஆறு மாதம் பால் எடுக்கும்போதெல்லாம் பார்த்தேன். எனக்கும் சரியாகத்தான் பட்டது.

நான் காவலரிடம் சண்டைக்குப் போனேன். பிறகு கெஞ்சினேன், கழுத்துக் குழாயைக் காட்டினேன். அவர் நல்ல மனுஷன். உள்ளே போன் செய்து ஒவ்வொரு இடமாகக் கேட்டார். "எல்லா இடத்துலயும் ஆள் வந்துட்டாங்கம்மா. வெளியே காட்டு ஓரத்துல படுக்கவும் விடமாட்டாங்க, மிருகம் நடமாட்டம். சந்திப்புல ஒரு லாட்ஜ் இருக்கு" என்றார்.

"கூரைக்குக் கீழ படுக்கறதுக்கு நம்ம வீடே போதும்" என்றான் கொழுந்தன். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணா, லாட்ஜுல இருந்துட்டு நாளைக்கு ராத்திரி உள்ள போயிடலாம். திங்கக்கிழமை மெஷின் வேணாம். செவ்வாய்க்கிழமை பண்ணிக்கறேன்."

இவர் டயாலிசிஸ் வார்டுக்குப் போன் போட்டார். செவ்வாய்க்கிழமை இடமில்லை என்றார்கள். இப்போதே கால் வீங்கியிருக்கிறதே, ஒரு நாள் விட்டால் நுரையீரலில் தண்ணீர் ஏறிவிடும், விளையாடாதீர்கள் என்றார்கள். பூங்காவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர்.

"வேண்டாம்டா" என்றார் இவர்.

"செத்தா சாகறேன். உனக்கென்ன?"

"டேய்..."

"மூணு வருஷமா நீ சொன்ன நேரத்துக்கு எழுந்திரிச்சேன். அண்ணி ஊத்தின தண்ணியக் குடிச்சேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கேனா? ஒரு ராத்திரிதானே கேட்டேன்!" கத்தும்போதே அவனுக்கு மூச்சு வாங்கியது. காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவர் தரையில் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் நல்லாத் திட்டுடா. செருப்பால அடி. ஆனா வண்டியில ஏறு." கொழுந்தன் ரொம்ப நேரம் ஏரியையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வண்டியில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டான். கூடாரத்தின் பை திறக்காமலேயே திரும்பி வந்தது. வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அடுத்த மாதம் இவர் மறுபடி லீவு போட்டார். எட்டு மணிக்கு முன்னால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கொழுந்தனையும் என்னையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்து, "ரெண்டு பேரும் தேதியைச் சத்தமாச் சொல்லுங்க" என்றார். "சனிக்கிழமை" என்று நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சொன்னோம். சனிக்கிழமையைத் தொட்டார். எத்தனை பேர் என்று அடுத்த பெட்டி கேட்டது.

"ரெண்டுன்னு போடுண்ணா" என்றான் கொழுந்தன்.

கோபமில்லை, குத்தலும் இல்லை. மின்சாரக் கட்டணத்தை நினைவுபடுத்துகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னான். இவர் மூன்று என்றுதான் போட்டார். இடம் கிடைத்தது, ஏரிக்கரையை ஒட்டியே கிடைத்தது. கொழுந்தன் எழுந்துபோய் முன்னறையில் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நாலு மாதம் இருந்தான். ஒரு புதன்கிழமை, மெஷினில் இருக்கும்போதே, அந்த நூற்று நாற்பத்துநாலு சதுரத்துக்குக் கீழேயே அவன் உயிர் போயிற்று.

வருகிற சனிக்கிழமைதான் அந்த நாள். வர முடியாதவர்கள் ரத்து செய்தால் வேறொருவருக்குப் போகும் என்று பூங்காவிலிருந்து இரண்டு தடவை தகவல் வந்துவிட்டது. இவர் ரத்து செய்யவில்லை. செய்யுங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. போகலாமா என்றும் நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.